கடிதத் தோரணம்

எங்கள் எம்.எல்.ஏ. பதவியை விட்டுவிட்டார் என்பதைக் கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில், ஏணி மேல் நின்றபடிதான் கேள்விப்பட்டேன். கீழே கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் செல்போனைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, உங்க ஏரியா எம்.எல்.ஏ. காலையில ராஜினாமா குட்த்துட்டாராம். கட்சி மார்றாராம்" என்றார். என் சட்டைப் பையில் அந்த எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தது. அன்று காலை பதினொரு மணிக்குத்தான் அதை வாங்கியிருந்தேன். ஒன்பது நாள் அவர் அலுவலக வாசலில் நின்று வாங்கியது.

நான் பந்தல் போடுகிறவன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆவடியைத் தாண்டி, முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வெள்ளானூர் போகும் வழியில் வீடு. என் அப்பா விற்ற நிலத்தில் இன்று மூன்று தெருக்கள் இருக்கின்றன. அந்த வீடுகளின் விசேஷங்களுக்கு நான்தான் பந்தல் போடுகிறேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஏணி மேல் நிற்பவனிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

கடிதம் என் மகளுக்காக. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். நர்சு ஆக வேண்டும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்த ஆசை. ஓர் அறக்கட்டளை நடத்தும் நர்சிங் பள்ளியில், தொகுதி எம்.எல்.ஏ. கடிதத்தோடு வரும் பிள்ளைகளுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைப்பது வழக்கம். அந்த இடம் கிடைத்தால் படிப்பும் விடுதியும் இலவசம். கிடைக்காவிட்டால் என் கூலியில் அவளை நர்சாக்க முடியாது. கடைசித் தேதிக்கு முதல் நாள்தான் கடிதம் கைக்கு வந்தது. உதவியாளர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அடுக்கியிருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, மகள் பெயரையும் மார்க்கையும் எழுதி, அன்றைய தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினார். "போய் குடு. சீட்டு உன் பொண்ணுக்குத்தான்" என்றார்.

மறுநாள் மகளோடு பள்ளிக்குப் போனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு மேசையில் கிடந்த செய்தித்தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"நேத்து காலையிலயே இவரு ராஜினாமாவ ஏத்துக்கினாங்கபா. இதுல நேத்து தேதி போட்டுக் கீது. நேத்து இவரு எம்.எல்.ஏ. இல்ல. முந்தாநாள் தேதி இருந்தா நான் கண்ண மூடிக்கினு வாங்கிப்பேன்."

ஒரே ஒரு நாள். அங்கிருந்து நேராக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது, பலகையையும் கழற்றிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போனேன். போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு அதே உதவியாளர் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் இருபது இருபத்தைந்து பேர், சால்வைகள், மாலைகள். மகளை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனேன். தேதியை ஒரு நாள் முன்னால் போட்டுக் கொடுத்தால் போதும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"தேதிய மாத்தச் சொல்றியா? யோவ், அது ஃபோர்ஜரி. களி துன்னப் போறியா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் திரும்பினார்கள். கடிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "கொம்பு நட்றவன் பொண்ணு ஊசி போடப் போவுதாம்பா" என்றார். போர்ட்டிகோ முழுக்கச் சிரித்தது. கேட் வெளியே நின்ற என் மகளுக்கும் அது கேட்டிருக்கும்.

சிரிப்புச் சத்தம் கேட்டு எம்.எல்.ஏ.வாக இருந்தவரே வெளியே வந்தார். விஷயத்தை உதவியாளர் சொன்னார். அவர் என் தோளில் கை வைத்து, "ஆறு மாசத்துல இடைத்தேர்தல். நான் திரும்பி வந்துடுவேன். அப்போ வா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார். அவருக்கு ஆறு மாதம், என் மகளுக்கு அன்று மாலை ஐந்து மணி. அதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கார் போன பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இடம் போய்விட்டது. அரசு நர்சிங் பள்ளிகளுக்கு அந்த வருட விண்ணப்பத் தேதியும் முடிந்திருந்தது. அடுத்த மாதம் மகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் மெயின் ரோட்டுக்கு வரும். அவள் அழவும் இல்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் என் கோபம் கொஞ்சம் வழிந்து போயிருக்கும். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பேசித் தீர்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் மறதி வரும். சவுக்குக் கொம்பு நடக் குழி தோண்டும்போதெல்லாம் அந்தப் போர்ட்டிகோ நினைவுக்கு வரும். குழி தேவைக்கு மேல் ஒரு சாண் ஆழமாகப் போய்விடும்.

இடைத்தேர்தல் அறிவித்தார்கள். அவர் புதுக் கட்சியில், புதுச் சின்னத்தில், அதே தொகுதியில் நின்றார். அந்தச் சமயத்தில் எங்கள் தெருக் கோடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மாவின் கூரைக்குத் தார்ப்பாய் கட்டப் போயிருந்தேன். சாமி படத்துக்குப் பின்னால் அதே லெட்டர் பேடு தாள் எட்டிப் பார்த்தது. முதியோர் பென்ஷனுக்கு வாங்கினாராம். தாலுகா ஆபீசில் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். எடுத்துப் பார்த்தேன். அதே தேதி. அதே இடத்தில் ஓங்கிக் குத்திய முத்திரை.

அன்று எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பேசாமல் ஒன்பது நாள் வரிசையில் நின்றவனுக்கு முகங்களைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? யார் எந்தத் தெரு, எதற்காக வந்தார்கள் என்பது முழுக்க எனக்குத் தெரியும். பதவியை விட்டுவிட்ட பிறகும், கூட்டம் முகம் சுளிக்காமல் கலைய வேண்டும் என்பதற்காக, அந்தக் கையெழுத்துக் கட்டு தீரும்வரை முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். தெரிந்தே செய்திருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போனேன். என் போன்றவனுக்கு அது லேசான காரியம் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான்: "உங்க லெட்டர்ல இன்னா தேதி கீது, பாருங்க." அதற்குப் பிறகு அவர்களே பேசினார்கள். ஒரு அம்மா, மகனுக்கு மூன்று சக்கர வண்டி கேட்டு வாங்கிய கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு, எம்.எல்.ஏ. குடும்பத்தையே திட்டித் தீர்த்தார். படைத்தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக்காரர் மட்டும் தயங்கினார். மகனுக்கு ஹாஸ்டல் கேட்டு வாங்கியது. "இத வச்சு என்னவே செய்யப் போறீரு?" என்றார். தோரணம் கட்டப் போகிறேன் என்றேன். அவர் உள்ளே போய்க் கடிதத்தோடு, கட்டுவதற்கு ஒரு நூல்கண்டையும் சேர்த்துக் கொடுத்தார். மொத்தம் முப்பத்தேழு கடிதங்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும் லேமினேட் செய்தேன்.

எங்கள் தெருவுக்கு அவர் ஓட்டுக் கேட்டு வரும் நாளுக்குக் கொடி, தோரணம் கட்டும் வேலை எங்கள் பந்தல் முதலாளிக்குத்தான் வந்தது. முதலாளி என்னை அனுப்பினார். வேறு யாரை அனுப்புவார்?

வேறு தெருவில் அவர் ஓட்டுக் கேட்டுப் போவதை இரண்டு நாள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஜீப்பின் பின்பக்கம் மேடை மாதிரி ஒரு பலகை. தரையிலிருந்து நாலடி. அவர் ஐந்தரை அடி. ஒன்பதடியில் தொங்கினால் முகத்துக்கு நேராக வரும். ஆனால் முன்னால் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று வரும், அது பத்தடிக்கு மேல். அதனால் தோரணத்தைப் பதினைந்து அடியில் கட்டி, ஒரு முனையைக் கம்பத்தில் இறுக்கி, மறு முனையை உருவு முடிச்சாகப் போட்டு என் கையில் வைத்துக்கொண்டேன். இழுத்தால் முடிச்சு அவிழும். கயிற்றை வேண்டிய அளவுக்கு விட்டுக்கொடுத்தால் நடுப்பகுதி மெதுவாக இறங்கும். பெரிய மண்டபங்களில் பூப்பந்து இறக்குவதற்குச் செய்கிற வேலைதான் இது. இரண்டு பக்கமும் கட்சிக் கொடிகள், நடுவில் கடிதங்கள். கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ கட்சி நோட்டீஸ் போலத்தான் தெரிந்தது. கட்சிக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஷோக்கா கீதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளின் கடிதத்தைச் சரியாக நடுவில் கட்டியிருந்தேன்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. பெண்கள் ஆரத்தித் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். முதல் தட்டு பாட்டியம்மா கையில். ஒலிபெருக்கி வேன் தோரணத்துக்குக் கீழே போனது. பின்னால் ஜீப் வந்தது. அவர் கும்பிட்ட கையோடு இரண்டு பக்கமும் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தார். ஏணி மேல் இருந்த நான் முடிச்சை இழுத்தேன். தோரணம் இறங்கியது. அதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் பிரேக் போட்டார்.

அவர் முகத்தில் தாள் உரசியது. முதலில் கையால் தள்ளினார். அது திரும்பி வந்து மோதியது. பிடித்துப் பார்த்தார். தன் பெயரையும் கையெழுத்தையும் தேதியையும் படித்தார். பக்கத்துத் தாளைத் திருப்பினார். அதற்கும் பக்கத்தில் இருந்ததையும் திருப்பினார். மேளக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே நிறுத்திவிட்டார்கள். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அந்தக் கண்களைப் பார்த்தேன். அத்தனை மாதமாக நான் சாப்பிட்ட சோறு அன்றுதான் வயிற்றில் தங்கியது.

"இன்னா படிச்சிகினு கீறீங்க? உங்க கையெழுத்து உங்களுக்கே புரியலியா?" என்று பாட்டியம்மா கேட்டார்.

கெட்டிக்காரர் அவர். மைக்கை வாங்கினார். இதெல்லாம் என் மக்களின் கோரிக்கைகள், நடுவில் சில அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள், ஒன்றையும் நான் மறக்கவில்லை என்றெல்லாம் பேசினார். பிறகு உதவியாளர் பக்கம் கை நீட்டி, பேனா கொடு, இங்கேயே, இப்போதே எல்லாவற்றிலும் மறுபடி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்றார். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். தெரு ஆட்களில் சிலர்கூடத் தட்டினார்கள். என் வேலை வீணாகப் போகிறது என்று தெரிந்தது.

ஏணி மேலிருந்து என் குரல் வந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது.

"ஐயா, இப்பவும் நீங்க எம்.எல்.ஏ. இல்லீங்களே."

ஒரு கணம் எல்லோரும் மேலே பார்த்தார்கள். பிறகு சிரிப்பு எழுந்தது. தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை போனது. கட்சிக் கொடி பிடித்திருந்தவர்களில் இரண்டு பேர் கொடியால் வாயை மறைத்துக்கொண்டார்கள். பாட்டியம்மா ஆரத்தியைச் சுற்றாமலே, தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீரை ஜீப்பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் தட்டை இறக்கிக்கொண்டார்கள். உதவியாளர் பேனாவை நீட்டியபடியே நின்றார். அதை வாங்க யாரும் இல்லை.

தேர்தல் அதிகாரிகளின் வீடியோ வண்டி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். ஜீப் போன பிறகு ஓர் அதிகாரி என்னிடம் வந்து, இந்தத் தோரணத்தை எந்த வேட்பாளர் செலவில் எழுதுவது என்று கேட்டார். கையெழுத்து யாருடையதோ அவர் செலவில் எழுதுங்கள் என்றேன். அவரும் சிரித்துவிட்டு, உடனே கழற்றிவிடச் சொன்னார். கழற்றினேன். அதற்குள் தெருவில் எல்லோர் செல்போனிலும் அது இருந்தது. முதலாளி அன்றைக்கே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். கல்யாண சீசன் தொடங்கியதும் அவரே ஆள் அனுப்பினார், அது வேறு.

மறுநாள் காலை உதவியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பை வெளியே கழற்றினார். என்னை அண்ணாத்தே என்றார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சிங் பள்ளி, ஐயாவுக்கு வேண்டியவர்கள் நடத்துவது, அங்கே என் மகளுக்கு இடம் தயார், படிப்பும் விடுதியும் அவர்கள் பொறுப்பு, அடுத்த வாரமே சேரலாம் என்றார். கையோடு சேர்க்கைப் படிவமும் பள்ளியின் முத்திரையோடு கொண்டு வந்திருந்தார். இந்த முறை தேதி சரியாக இருந்தது. பதிலுக்கு நான் இரண்டு காரியம் செய்ய வேண்டும். முப்பத்தேழு கடிதங்களையும் அவரிடம் கொடுக்க வேண்டும். மறுநாள் சாயங்காலப் பொதுக்கூட்ட மேடையில் ஏறி, நான் கடிதத்தைத் தாமதமாகக் கொண்டுபோனதுதான் தவறு, ஐயா மேல் தவறில்லை என்று சொல்ல வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் வந்தார், இன்னும் யோசிக்கவில்லை என்றேன். மறுநாள் காலை மறுபடி வந்தார். உட்காரச் சொல்லவில்லை. வெயிலில் நின்றார். அதை நான் அனுபவித்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மகள் உள்ளே டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது மெதுவாகச் சொன்னாள்.

"வாங்கிக்கோ நைனா. மேடையில ஒரு நிமிசம்தானே?"

பொய் சொல்லச் சொல்கிறான் என்றேன்.

"என் லெட்டர நடுத்தெருவுல கட்டினியே, என்னைக் கேட்டியா? என் பேரு, என் மார்க்கு எல்லாம் ஊரே படிச்சுது. எனக்கு சீட்டு வேணும். உனக்கு அந்த ஆளுதான் வேணும்."

அவள் சொன்னது சரி. அது சரி என்று தெரிந்துதான் வெளியே வந்தேன். உதவியாளர் படிவத்தை நீட்டினார். ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்திருந்தேன். மகள் பெயரைத் தட்டச்சில் அழகாக அடித்திருந்தார்கள். இந்தத் தாளை வாங்கினால் அந்த ஆள் அடுத்த தெருவில் மைக் பிடித்து, பதவி இல்லாதபோதே ஓர் ஏழைப் பெண்ணைப் படிக்க வைத்தேன் என்று என் மகள் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்பார். அதையும் நினைத்தேன். ஆனால் அதற்காகத்தான் மறுத்தேன் என்று எழுதினால் அது பொய். அவர் தோற்க வேண்டும். அதில் என் கை இருக்க வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "வேணா சார்" என்றேன். உதவியாளர் முகம் மாறியது. பெற்ற பெண்ணுக்கே குழி தோண்டுகிறாய் என்றார். குழி தோண்டுவது என் தொழில் என்றேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

அவர் தோற்றார். எங்கள் வாக்குச்சாவடியில் மூன்றாவதாக வந்தார் என்று சொன்னார்கள். ஓட்டு எண்ணிய அன்று எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். ஜெயித்தவர் யார் என்பதில் எனக்கு அக்கறை இல்லை, அவரும் லெட்டர் பேடு வைத்திருப்பவர்தான். என் கையாலும் ஒரு சரம் கொளுத்தினேன். திருநெல்வேலிக்காரர் அல்வாப் பொட்டலத்தோடு வந்து, "சாதிச்சுட்டீருவே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு நாள் தெருவே என்னிடம் பேசியது, நானும் பேசினேன். மகள் கம்பெனியில் இருந்தாள். திரும்பி வந்தபோது வாசலில் குப்பையாகக் கிடந்த சிவப்புக் காகிதங்களைக் கூட்டித் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வருடம் அவளே விண்ணப்பம் வாங்கி, மதிப்பெண்ணை வைத்து ஓர் அரசு மருத்துவமனைப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். கம்பெனியில் வாங்கிய சம்பளத்தில் சேர்த்து வைத்துப் பெட்டி, சீருடை எல்லாம் வாங்கிக்கொண்டாள். எனக்கு விஷயம் கடைசியில்தான் தெரிந்தது. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் என் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தாள். நான் வீட்டில்தான் இருந்தேன், கூப்பிட்டிருக்கலாம். விடுதியில் கொண்டுபோய் விடவும் அம்மாவும் மகளும்தான் போனார்கள். ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்தவர்கள் இரண்டு பேர் என்று அவள் கணக்கு. அதில் ஒருவன் நான். இருக்கட்டும்.

கடிதங்கள் இன்னும் பரணில், தகரப் பெட்டியில் இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடச் சொல்லி மனைவி இரண்டு முறை எடுத்து வெளியே வைத்தாள். இரண்டு முறையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அந்த மாஜி எம்.எல்.ஏ. மறுபடி பழைய கட்சிக்கே போய்விட்டார், வருகிற தேர்தலில் நிற்கப் போகிறார் என்கிறார்கள். நிற்கட்டும்.